படக்குறி எழுத்துருவால் ஒரு தாத்தாவின் வாழ்க்கையை எழுத முடியுமா?

பாகான்_வானதி · திங்கள், இரவு 9:40

பட்டர்வொர்த் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்காக இந்த வேலையை எடுத்திருக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தாத்தா அல்லது பாட்டியின் வாழ்க்கையைச் சொல்லே இல்லாமல் படக்குறிகளால் ஒரே வரியில் எழுத வேண்டும். அந்த வரிகள் மண்டபச் சுவரில் ஏறும். படங்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவதைவிட ஓர் எழுத்துருவாகவே செய்து கொடுத்துவிட்டால் பிள்ளைகளே கணினியில் அடித்துக்கொள்வார்கள். எந்த அளவில் அச்சடித்தாலும் ஓரம் உடையாது.

பொருள்களை வரைவதில் சிக்கல் இல்லை. கப்பல், மரம், லயத்து வீடு, சைக்கிள், குழந்தை எல்லாம் தயார். பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வந்த குறிப்புகளில்தான் சிக்கல். "கடனிலேயே இருந்தார்கள்." "பாட்டி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்." "ஊருக்குத் திரும்பவே இல்லை." இவற்றுக்கு எதை வரைவது? இலவசப் படக்குறித் தொகுப்புகளில் பொறுமை என்று தேடினால் மணற்கடிகாரம் வருகிறது. யோசனை என்றால் மின்விளக்கு. கடன் என்றால் டாலர் குறி போட்ட மூட்டை. மலாயா வெள்ளிக்கும் அதே குறிதான் என்பது உண்மை, ஆனால் மூட்டை கட்டும் அளவுக்கு யாரிடம் இருந்தது?

எழுத்துரு செய்தவர்கள், வரைபவர்கள், ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் யாராக இருந்தாலும் கருத்துச் சொல்லுங்கள்.

செந்தூல்குமரன் · திங்கள், இரவு 10:15

எமோஜி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? 1999இல் ஜப்பானில் டோகோமோ நிறுவனத்துக்காக குரிதா ஷிகேதகா 176 படங்கள் வரைந்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிச் சதுரத்துக்குள் அடங்கியது. 2010இல் எமோஜி, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடுக்குள் வந்தது. இன்று மூவாயிரத்துக்கும் மேல். எல்லாக் கைப்பேசியிலும் தெரியும், யாரும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. நீங்கள் புதிதாக ஒன்று செய்தால் அது உங்கள் கணினியில் மட்டும் வாழும்.

பாகான்_வானதி · திங்கள், இரவு 10:52

குமரன், அந்த மூவாயிரத்தில் ஒரு ரப்பர் மரம் காட்டுங்கள், நான் இழையை மூடிவிடுகிறேன். 2019இல்தான் சேலையும் ஆட்டோவும் அகல்விளக்கும் இந்துக் கோயிலும் சேர்ந்தன. என் கைப்பேசியில் அந்தக் கோயில் வடநாட்டுச் சிகரத்தோடு நிற்கிறது, கோபுரம் இல்லை. இன்னொன்று, எமோஜியில் முகம்தான் ராஜா. சிரிப்பு, அழுகை, கோபம் என்று நொடி நேர உணர்ச்சியைச் சொல்ல அது அருமையான கருவி. முப்பது வருடக் கடனை எந்த முகத்தில் காட்டுவது?

விசைவீரன் · செவ்வாய், காலை 8:05

வடிவம் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் குறியை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

யூனிகோடில் தனிப்பயன் பகுதி என்று 6,400 இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். படக்குறி எழுத்துரு செய்பவர்கள் பலர் அங்கேதான் குடியேறுகிறார்கள். தொல்லை என்னவென்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனதும் வரிசையாக வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். இன்னோர் எழுத்துரு அதே இடத்தில் வேறு எதையாவது வைத்திருந்தால் உங்கள் கப்பல் அங்கே கத்தரிக்கோலாகிவிடும்.

அதைவிட நல்ல வழி கூட்டெழுத்து விதி. தமிழில் தினமும் இதைத்தான் செய்கிறோம். 'கு' என்பது கணினிக்குள் ககரமும் உகரக் குறியுமாக இரண்டு எண்கள். எழுத்துருதான் இரண்டையும் பார்த்து ஒரே வடிவத்தைப் போடுகிறது. அதே போல ஒரு முழுச் சொல்லை அடித்தால் அதற்குப் பதில் ஒரு படம் வரும்படி விதி எழுதலாம். கூகுளின் மெட்டீரியல் ஐகான்ஸ் என்ற படக்குறி எழுத்துரு அப்படித்தான் இயங்குகிறது. எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனாலும் கட்டம் வராது, 'கப்பல்' என்ற சொல்லாவது நிற்கும்.

ஒரு கண்ணி இருக்கிறது. தமிழை உருவமைக்கும் நிரல்கள் எழுத்துகளை அசை அசையாகப் பிரித்து வேலை செய்பவை. அசை எல்லையைத் தாண்டிப் போகும் விதியை எல்லாச் செயலிகளும் ஒன்று போல ஏற்பதில்லை. ஆகவே பிள்ளைகள் பயன்படுத்தப் போகும் செயலியிலேயே முதலில் சோதித்துவிடுங்கள்.

பால்மரத்தடி · செவ்வாய், காலை 11:30

வானதி மகளே, கெடாவில் தோட்டத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்று இப்போது ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். எழுத்துரு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மரம் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் ரப்பர் மரப் படக்குறி ஒன்றைப் பேரன் காட்டினான். வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக இறங்குகிறது. எந்தத் தோட்டத்திலும் அப்படி வெட்டமாட்டார்கள். மரத்துக்கு முன்னால் நிற்பவனுக்கு வெட்டு இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும், பால் கூடும். ஒட்டு மரத்துக்குச் சாய்வு முப்பது பாகை. தட்டையாகப் போனால் பால் வெட்டிலேயே தேங்கி வழிந்து பட்டையில் ஓடும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு வந்து சேராது.

உன் படத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள். கிழவன் சொல்கிறான் என்று கோபிக்காதே.

பாகான்_வானதி · செவ்வாய், மதியம் 1:20

ஐயா, கோபமா! இதற்காகத்தானே இழையைத் தொடங்கினேன். திசை நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது, என் அம்மாச்சி நின்று பார்த்து வரைய வைத்தார். சாய்வுதான் என்னைப் படுத்துகிறது.

வரைபவர்களுக்காக விளக்குகிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஓட்ல் ஐஷர் வரைந்த விளையாட்டுக் குறிகள் இன்றுவரை பாடமாக இருக்கின்றன. கை, கால், உடல் எல்லாம் நேர்க்கோடு, குறுக்குக்கோடு, 45 பாகைச் சாய்வு என்ற கட்டத்துக்குள் அடங்கும். அந்தக் கட்டுப்பாடுதான் எல்லாக் குறிகளையும் ஒரே குடும்பமாக்குகிறது. நானும் அந்தக் கட்டத்தில்தான் தொடங்கினேன். 45 பாகையில் போட்டால் வெட்டு கண்ணுக்குக் கூர்மையாக இருக்கிறது, சிறிய அளவிலும் ஓரம் பிசிறடிப்பதில்லை. ஆனால் அது ரப்பர் மரம் இல்லை, மரத்தில் விழுந்த கோடரிக் காயம். 30 பாகையில் போட்டால் மரம் உயிரோடு இருக்கிறது, 16 பிக்சல் அளவில் கோடு படிக்கட்டாகிறது.

கட்டத்தையே மாற்றிவிட்டேன். 30, 60, 90. கூரையும் 30, மரத்து வெட்டும் 30, மண்வெட்டிக் கைப்பிடி 60. நம் சுவரில் எந்தக் குறியும் பதினாறு பிக்சலில் வரப்போவதில்லை. ஐஷரின் 45 பாகைக்கு அவருடைய விளையாட்டு வீரர்கள் காரணம். எனக்கு மரம்தான் காரணம்.

இன்னொரு சிறு தொல்லை. வெளிநாட்டுப் படக்குறி எழுத்துருக்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு ஏற்ப வரையப்பட்டவை. தமிழில் பெரிய எழுத்து ஏது? 'கி'யின் கொக்கி மேலே போகிறது, 'கு' கீழே இறங்குகிறது. நான் ப, ம, ட மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அந்த எழுத்துகள் உட்காரும் கோட்டில்தான் என் வீடும் மரமும் உட்காரும். கோடுகளின் தடிமனும் பக்கத்தில் வரும் தமிழ் எழுத்துருவின் தடிமன்தான். இல்லையென்றால் படம் வரியைவிட்டு எழுந்து நிற்கும்.

கிட்டங்கி · செவ்வாய், மாலை 6:45

கடனுக்குக் குறி தேடிக்கொண்டு வேறு ஊருக்கு ஏன் போக வேண்டும்? பினாங்குத் தெருவில் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார் கிட்டங்கிகளின் கணக்கேட்டைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள். ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௸ மேற்படி. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. 2003இல் இருந்து யூனிகோடில் இருக்கின்றன. 2019இல் இன்னும் 51 குறிகள் சேர்ந்தன. பின்னங்கள், நெல் அளவைகள், காசு, பணம், வராகன், நன்செய், புன்செய், உப்பளம், இவற்றோடு 'வகையறா'வுக்கும் ஒரு குறி உண்டு. ஒரு தாத்தாவின் வாழ்க்கையை எழுத 'வகையறா' இல்லாமல் முடியுமா?

செந்தூல்குமரன் · செவ்வாய், இரவு 8:10

வகையறாவுக்கு நான் ரசிகன். ஆனால் ஐயா, அவை படக்குறிகள் அல்லவே. வேகமாக எழுதிய கை சொல்லைச் சுருக்கிச் சுழித்தது, அவ்வளவுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ௶ என்ற வடிவத்தைப் பார்த்து எதை நினைக்கும்? தமிழ் எழுதத் தெரிந்தவர்களிலேயே எத்தனை பேருக்கு அது தெரியும்?

என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. பொதுக் குறிகளுக்குத் தேர்வு உண்டு. அமெரிக்காவின் பாதுகாப்புக் குறித் தரம் கேட்பது இது: குறியை மட்டும் காட்டினால் 85 விழுக்காட்டினர் சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தான முறையில் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் 'பொறுமை'யை லெபோ பாசாரில் நடப்பவர்களிடம் காட்டுங்கள். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மாலா · புதன், காலை 9:00

குமரன் கேட்ட தேர்வு அவசர வழிக்கும் மின் அபாயத்துக்கும் வைக்க வேண்டியது. புகைக்கு நடுவில் யாரும் குறியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு நிற்கமாட்டார்கள். வானதி செய்வது எழுத்து. எழுத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 'அ'வைக் காட்டி எந்தக் குழந்தையும் முதல் நாளிலேயே 85 விழுக்காடு எடுத்ததில்லை.

நான் பேச்சுப் பயிற்சி சார்ந்த வேலையில் இருப்பவள், அதனால் ஒரு எடுத்துக்காட்டு. சார்ல்ஸ் பிளிஸ் என்பவர் போருக்குத் தப்பி ஷாங்காயில் இருந்த காலத்தில் சீன எழுத்துகளைப் பார்த்து வியந்து ஒரு குறிமொழியைத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1949இல் அதை நூலாக வெளியிட்டார். உலக மொழியாகும் என்பது அவர் கனவு. அது நடக்கவில்லை. ஆனால் 1971இல் டொரோண்டோவில், மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத குழந்தைகளுக்கு அந்தக் குறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள், அவர்கள் பேசத் தொடங்கினார்கள். அதில் இதயம் என்றால் உணர்வு. இதயமும் மேல் நோக்கிய அம்பும் மகிழ்ச்சி, கீழ் நோக்கிய அம்பு துயரம். குறிகள் கொஞ்சம், சேர்க்கை ஏராளம். வானதி, பொறுமைக்கு ஒரு படம் தேடாதீர்கள். இரண்டு குறிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று விசைவீரனுக்கு. எங்கள் பகுதியில் பார்வையற்றோர் பலர் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். திரைவாசிப்பான் தனிப்பயன் பகுதியில் உள்ள குறியைக் கண்டால் ஒன்று ஊமையாகிவிடும், இல்லை ஏதாவது உளறும். கூட்டெழுத்து விதியில் அடியில் இருப்பது சொல் என்பதால் அது படித்துவிடும். சுவரில் இருப்பதை அப்படியே இணையத்தில் போட்டாலும் கேட்க முடியும். அதற்காகவே உங்கள் வழிக்கு என் ஓட்டு.

பாகான்_வானதி · புதன், மதியம் 12:35

மாலா அக்கா, சேர்க்கை என்று நீங்கள் சொன்னதும் வியன்னாவில் நடந்த பழைய வேலையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1920களில் அங்கே ஓட்டோ நொய்ராத் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். வீடு, கூலி, நோய், பிறப்பு, இறப்பு ஆகிய புள்ளிவிவரங்களைத் தொழிலாளர்களுக்குப் படமாகக் காட்டுவதுதான் அதன் வேலை. பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் வாங்கிய முறை அது. அதன் முதல் சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அதிகம் என்று காட்டப் படத்தைப் பெரிதாக்காதே, அதே படத்தைத் திரும்பப் போடு. குறிகளை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ், ஏறத்தாழ நான்காயிரம் குறிகள். வேலையில்லாதவனுக்கு அவர் போட்ட குறியில் கருவி இல்லை, கண்ணீர் இல்லை. கைகளைப் பையில் விட்டுக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் செய்தி.

இப்போது நான் வைத்திருக்கும் இலக்கணம் இது. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு வடிவம், நிரம்பியது ஒன்று, கோடு மட்டும் உள்ள வெற்று வடிவம் ஒன்று. நிரம்பியது இருப்பது, வெற்று இல்லாதது. ஒரு மாணவியின் பாட்டிக்கு ஏழு பிள்ளைகள், மூவர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். ஏழு குழந்தைக் குறிகள் ஒரே அளவில் வரிசையாக நிற்கும். அவற்றில் மூன்று வெற்று. எத்தனையாவது பிள்ளை போனதோ அந்த இடத்திலேயே வெற்று நிற்கும். இறப்புக்கென்று சிலுவையோ மாலையோ பிறையோ வரையத் தேவையில்லை. அந்த வகுப்பில் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கடனும் இதில் அடங்கிவிடுகிறது. நிரம்பிய அரிசி மூட்டை, பக்கத்தில் வெற்றுக் காசு. சாமான் வந்துவிட்டது, பணம் போகவில்லை. கிட்டங்கி ஐயா, உங்கள் ௵ஐயும் ௴ஐயும் நான் விடப்போவதில்லை, காலத்துக்கு அவைதான். பொறுமைதான் இன்னும் வரவில்லை.

பால்மரத்தடி · புதன், மாலை 5:10

பொறுமைக்கு மரத்தையே கேள் மகளே.

வெட்டிய பட்டை அப்படியே நின்றுவிடாது. மெல்லச் சீவிக்கொண்டு கீழே இறங்குவோம், மேலே வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளரும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் மாறுவோம். சில வருடங்கள் கழித்துப் பழைய பக்கத்துக்கே திரும்பி அந்தப் புதுப்பட்டையை வெட்டுவோம். தினமும் வெட்டினால் மரம் தாங்காது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், அடுத்த முறை கத்தி ஓடாது. அதற்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே மரத்தை ஒரே வெட்டோடு வரையாதே. வெட்டுக்கு மேலே வளர்ந்து வரும் பட்டையைக் கோடு கோடாகக் காட்டு. அதுதான் உன் பாட்டிமார்.

கப்பலைப் பற்றியும் ஒரு கேள்வி. நீ அனுப்பிய படத்தில் கப்பல் இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு கிழக்கே இருக்கிறது. படத்தில் வலப்பக்கம்தானே போக வேண்டும்? அதற்குப் பிறகுதான் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தடுத்துவைத்ததெல்லாம்.

பாகான்_வானதி · புதன், இரவு 7:25

ஐயா, இது போதும், இனி எனக்குத் தூக்கம் வராது! வலப்பக்கம் பார்க்கும் கப்பல் வந்தது. இடப்பக்கம் பார்க்கும் கப்பல் ஊர் திரும்பியது. இடப்பக்கம் பார்க்கும் வெற்றுக் கப்பல் என்றால் 'ஊருக்குத் திரும்பவே இல்லை'. புதிதாக ஒரு குறிகூட வரையாமல் அந்த வாக்கியம் வந்துவிட்டது. தமிழ் இடமிருந்து வலமாக ஓடுவதால் வரியின் போக்கும் கப்பலின் போக்கும் ஒத்துப்போகின்றன.

பட்டை வளரும் மரத்தை இன்றிரவே வரைகிறேன். மூன்று கோடுகளுக்கு மேல் போட்டால் வரிக்குதிரை ஆகிவிடும் என்று பயம்.

செந்தூல்குமரன் · புதன், இரவு 9:50

வெற்றுக் கப்பல் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு உறுத்தல். பிள்ளைகள் எல்லோர் தாத்தாவும் தோட்டத்தில் இல்லை. என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் இருந்தார். மரம் பொறுமை என்றால், அவர் பொறுமைக்கு எங்கே போவார்? உங்கள் எழுத்துரு தோட்டத்து வாழ்க்கையைத் தமிழர் வாழ்க்கை முழுவதற்கும் குறியாக்கிவிடுகிறது. டாலர் மூட்டையைக் குறை சொன்னீர்கள். நாளை பட்டறைக்காரன் பேரன் உங்கள் ரப்பர் மரத்தை அப்படித்தான் பார்ப்பான்.

பிரிக்பீல்ட்ஸ்_மாலா · புதன், இரவு 10:20

இதைக் கடந்துபோக முடியாது. என் அப்பா செங்கல் சூளைத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், ரப்பர் மரத்தைப் பக்கத்தில் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில்தான்.

பாகான்_வானதி · வியாழன், காலை 7:40

குமரன் சொல்வது சரியான இடத்தில் விழுகிறது. ஆனால் பொதுவான பொறுமைக் குறி ஒன்றை வரைந்து எல்லோருக்கும் கொடுத்தால் மணற்கடிகாரத்துக்கே திரும்பிப் போவோம். பதில் இப்படி யோசிக்கிறேன். நிரம்பியது, வெற்று, திசை, எண்ணிக்கை இவை நான்கும் எல்லோருக்கும் பொது. பொருள்கள் பொது இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துருவில் சில இடங்களைக் காலியாக விடுகிறேன். தாத்தா எதில் கை வைத்து வேலை செய்தாரோ அதை அந்தப் பிள்ளை தாளில் வரைந்து கொண்டுவரட்டும், 30 பாகைக் கட்டத்தில் நான் ஏற்றுகிறேன். பட்டறைக்காரர் தேயும் தண்டவாளத்தை வைத்துக்கொள்ளட்டும், டோபிக்காரர் இஸ்திரிப் பெட்டியை.

செந்தூல்குமரன் · வியாழன், காலை 8:30

தண்டவாளம் இல்லை, கொதிகலனில் அடிக்கும் ஆணி. படம் அனுப்புகிறேன்.

விசைவீரன் · வியாழன், காலை 10:15

அப்படியானால் கோப்பைப் பற்றி. மாணவர்களின் இடங்களுக்கும் சொல் வேண்டும். வெறும் 'மரம்' என்று விதி எழுதினால் யாராவது 'மரம்' என்ற சொல்லைச் சாதாரண வாக்கியத்தில் அடித்தாலும் படம் குதித்து வரும், 'மரம்கொத்தி'யின் பாதியையும் விழுங்கும். சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு முக்காற்புள்ளி வைத்து அடித்தால் மட்டும் மாறும்படி விதியை எழுதுங்கள். வெற்று வடிவத்துக்கு உள்ளே சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறி போதும். விதியில் நீளமான தொடரை முதலில் எழுதுங்கள், இல்லையென்றால் குட்டையான விதி முந்திக்கொள்ளும்.

வரைவதற்கு இங்க்ஸ்கேப், எழுத்துருவாக்க ஃபான்ட்ஃபோர்ஜ், இரண்டும் இலவசம். கோடுகளை அப்படியே விடாமல் நிரப்பிய வடிவமாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். ஒன்றின்மேல் ஒன்று விழும் வடிவங்களை ஒன்றாக்கிவிடுங்கள். வெற்று வடிவத்தில் உள்கோடு வெளிக்கோட்டுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும், ஒரே திசையில் ஓடினால் வெற்று நிரம்பிவிடும். உங்கள் இலக்கணத்தில் அது இறந்த பிள்ளையை உயிர்ப்பித்துவிடும், ஆகவே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வெளியிடும்போது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியிடுங்கள். மற்ற பள்ளிகள் தங்கள் பொருள்களைச் சேர்த்து அதே உரிமத்தில் வெளியிடலாம், எழுத்துருவின் பெயரை நீங்கள் ஒதுக்கி வைத்திருந்தால் அவர்கள் பெயரை மாற்ற வேண்டியிருக்கும்.

பாகான்_வானதி · வியாழன், இரவு 9:05

முக்காற்புள்ளி விதி பள்ளிக் கணினிகளில் வேலை செய்கிறது. ஒரு பழைய செயலியில் மட்டும் தமிழ்ச் சொல் மாறவில்லை, அதை விட்டுவிட்டோம். பட்டை வளரும் மரமும் குமரனின் ஆணியும் ஏறிவிட்டன. ஆணி கொஞ்சம் காளான் போல இருக்கிறது. குமரன், தலைப்பகுதியின் தடிமன் தெரியும்படி பக்கவாட்டுப் படம் ஒன்று கிடைக்குமா? பால்மரத்தடி ஐயா, மங்கு தொங்கும் கம்பி மரத்தைச் சுற்றி வருமா, அல்லது ஒரு பக்கம் மட்டும் குத்தியிருக்குமா?